சத்தத்தை நிறுத்தாதே, காரணத்தைத் தேடு!



"பீப்... பீப்..." பேனலில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வாட்ச்மேன் எழுந்து வந்து பட்டனை அமுக்குகிறார். சத்தம் நின்றது. பழுது நின்றதா? இல்லை!

போன லீவில் பயிற்சிக்காக ஒரு சர்வீஸ் அண்ணனோடு நாலு மாடி ஜவுளிக்கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே ஒயர்லெஸ் தீ அலாரம். மூன்றாம் மாடிக் கிடங்கின் ஸ்மோக் டிடெக்டர் மட்டும் தினமும் 'சிக்னல் இல்லை' என்று காட்டுகிறதாம். ஏற்கெனவே இரண்டு முறை பேட்டரி மாற்றியாச்சு. டிடெக்டரையே ஒரு முறை மாற்றியாச்சு. பகலில் பார்த்தால் எல்லாம் சரி. வந்தவர்கள் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. முதலில் பேனலில் பதிவான நேரங்களைப் படித்தார். இரவு ஒன்பதரைக்கு மேல் பழுது வருகிறது, காலை ஒன்பதுக்குச் சரியாகிறது. வாட்ச்மேன் ஐயாவைக் கேட்டார்.

"கிடங்கு ஷட்டரை இறக்கினா கொஞ்ச நேரத்துல கத்தும் தம்பி. ஏத்தினா நின்னுடும்."

மூன்று மாதமாக அவருக்குத் தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை!

டிடெக்டர் குறிப்பிட்ட இடைவெளியில் 'நான் இருக்கிறேன்' என்று பேனலுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இரும்பு ஷட்டர் அந்த ரேடியோ அலையை மறித்துவிட்டது. படிக்கட்டுப் பக்கச் செங்கல் சுவரை ஒட்டி ஒரு ரிப்பீட்டர் வைத்து, ஷட்டரை இறக்கிவிட்டே சிக்னலை அளந்தோம். சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கிடங்கை ஒட்டிய அறையில் கடைப் பையன்கள் எட்டு பேர் இரவில் தூங்குகிறார்கள். அவர்கள் கண் மூடும் நேரம் பார்த்து, அவர்களைக் காக்க வேண்டிய கருவியும் ஊமையாகி இருந்திருக்கிறது! நினைத்தால் இன்னும் உடம்பு நடுங்குகிறது.

1997 ஜூன் 13ல் டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நெருப்பில் அல்ல, புகையில் மூச்சுத் திணறி. சில நிமிட முன்னெச்சரிக்கையின் விலை என்ன என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

அண்ணனிடம் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன். குற்றம் கருவியிலா, இடத்திலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பழுதுக்காரனையும் நல்லவனையும் இடம் மாற்றுங்கள். பழுது கூடவே போனால் கருவி, அங்கேயே நின்றால் இடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெறும் மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று லித்தியம் பேட்டரியை நம்பாதீர்கள். தீரப்போகும் செல்லும் லோடு இல்லாதபோது அப்படித்தான் காட்டும். சிக்னல் அனுப்பும் நொடியில்தான் வோல்டேஜ் சரியும். லோடு கொடுத்து அளந்து பாருங்கள்.

இதெல்லாம் நமக்கு லேபில் சொல்லித் தருகிறார்களா? பரீட்சையில் பிளாக் டயகிராம் வரையச் சொல்கிறார்கள், மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்லி ஒரு கேள்வி உண்டா? கழற்றிப்போட்ட பழைய பேனல் ஒன்றை லேபில் வைத்து, வேண்டுமென்றே பழுது உண்டாக்கி, மாணவர்களையே தேட விடவேண்டும் என்பது என் கருத்து. நம் சங்கம் இதை நிர்வாகத்திடம் கேட்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாவும் ஒரு மில்லில் நைட் வாட்ச்மேன். "அந்த மஞ்சள் லைட் எரிஞ்சா என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டேன். "தெரியாதுப்பா, பட்டனை அமுக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். சிவப்பு என்றால் தீ, மஞ்சள் என்றால் பழுது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்திலும் ஓர் அப்பா உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்போம். அவருக்கும் சொல்லிக்கொடுப்போம். டிப்ளமோ படித்ததற்கு அதுவே அடையாளம்!