வேரைப் பாராமல் விற்கலாமா?

“அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு” என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இந்த ஆண்டு அப்பழமொழியின் பொருளை எங்கள் வகுப்புக்கு உணர்த்தியது அத்திப் பழமன்று. ஒரு சிறு கள்ளித் தொட்டி.

முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்டுவதற்காக, பள்ளி விற்பனை விழாவில் வைக்கவென்று நாங்கள் 40 தொட்டிகளில் கள்ளிகளையும் சதைப்பற்றுள்ள பிற செடிகளையும் வளர்த்து வந்தோம். அவற்றுள் ஒன்று மட்டும் மாதக் கணக்கில் வளராமல் சுருங்கி நின்றது. தாகம் என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றினோம். அது அழுகத் தொடங்கியது. உயிரியல் ஆசிரியை சொன்னபடி தொட்டியைக் கவிழ்த்துத் தட்டிச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தபோது, வேரெங்கும் மாவு தூவியது போல் இருந்தது. தொட்டியின் உட்புறத்திலும் அதே வெண்மை. உற்று நோக்கினால், குருணை அரிசி போன்ற சின்னஞ்சிறு பூச்சிகள் மெல்ல ஊர்ந்தன. அவைதாம் வேர் மாவுப்பூச்சிகள்.

இலையிலும் தண்டிலும் நாம் காணும் மாவுப்பூச்சிக்கு இவை உறவு. மண்ணுக்குள் மறைந்திருந்து வேரின் சாற்றை உறிஞ்சும். ஈரம் குறைந்த மண் இவற்றுக்கு மிகவும் ஏற்றது; கள்ளிகளுக்கோ நாம் தண்ணீரைக் குறைத்தே விடுகிறோம். தொட்டியின் அடித்துளை வழியே அடுத்த தொட்டிக்கும் போய்விடும். ஆகையால் ஒரு தொட்டிக்கு வந்தால், அருகிலுள்ள அத்தனையையும் பார்த்தே தீர வேண்டும்.

விழாவுக்கு நான்கு நாட்களே இருந்தன. “மேலே பச்சையாகத்தானே இருக்கிறது? வாங்குபவர்களுக்குத் தெரியவா போகிறது? பணம் நல்ல காரியத்துக்குத்தானே!” என்று எங்களில் சிலர் வாதாடினர். உண்மையைச் சொன்னால், அந்த வாதம் எங்கள் எல்லோருக்கும் ஒரு கணம் இனித்தது. அப்போது ஒரு தோழி கேட்டாள்: “நம் அம்மா மாடியில் வளர்க்கும் செடிகளுக்கு நடுவே இதை வைப்போமா?” வைப்போம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

கடுமையான பூச்சிமருந்தை ஊற்றிவிட்டால் போதும் என்றனர் வேறு சிலர். அதுவும் சரியன்று என்பது எங்கள் கருத்து. பூச்சியின் மேலுள்ள மெழுகுத்தூள் நீரை ஒட்டவிடாது. முட்டைகளும் அதற்குள் பத்திரமாக இருக்கும். சிறு பிள்ளைகள் தொட்டு விளையாடும் மண்ணில் நஞ்சு தங்குவதுதான் மிச்சம். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றிப் பரவியபோது, மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளே அதை அடக்கின. நம் தொட்டி மண்ணுக்குள் அக்குளவிகள் வந்து உதவப் போவதில்லை. நம் கைகள்தாம் உழைக்க வேண்டும்.

எல்லாத் தொட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தோம். 11 தொட்டிகளில் பூச்சி இருந்தது. அவற்றின் மண்ணைப் பூப்பாத்தியில் கொட்டாமல், பையில் கட்டி அகற்றினோம். வேர்களை வாளித் தண்ணீரில் நன்கு அலசி, கெட்டவற்றை வெட்டி, செடிகளை ஒரு வாரம் நிழலில் உலர்த்தினோம். கொதிநீரில் கழுவிய தொட்டிகளில், மணலும் சிறு கற்களும் கலந்த புது மண்ணில் நட்டு, மேலும் ஒரு வாரம் தண்ணீர் விடாதிருந்தோம். பிறகு தனியிடத்தில் வைத்து, மாதம் ஒரு முறை வேரைப் பார்த்து வந்தோம். இரண்டு செடிகள் பிழைக்கவில்லை. ஒன்றில் பூச்சி மீண்டும் தலைகாட்டியது; வேலையை முதலிலிருந்து தொடங்கினோம்.

மீதி 29 தொட்டிகளை மட்டும் விழாவில் வைத்தோம். அவையும் பூச்சி பிடித்தவற்றுக்கு அருகில் இருந்தவை ஆதலால், “ஒரு மாதம் தனியே வைத்து, வேரைப் பாருங்கள்” என்று ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டினோம். சீட்டைப் படித்துச் சிலர் வாங்காமலே போனார்கள். எண்ணிய தொகை சேரவில்லை. அது எங்களுக்கு வருத்தமே.

முன்னரே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்ட மூன்று தொட்டிகளைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னதுதான் அதனினும் கடினமாக இருந்தது. அவற்றில் ஒன்று, ஓர் ஆசிரியை பத்தாண்டுகளாய் வளர்த்த கற்றாழைக்கு அருகில் இருந்தது. அவர் கோபிக்கவில்லை. பழைய செய்தித்தாளை விரித்து, “வாருங்கள், பார்த்துவிடுவோம்” என்றார். கற்றாழையின் வேர் சுத்தமாயிருந்தது. எங்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

நல்ல நோக்கத்துக்காக விற்கிறோம் என்பதால், குறையுள்ள பொருளை விற்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. அடுத்த ஆண்டு செடி வளர்க்கப் போகும் தங்கையரே, தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். விலைச்சீட்டு எழுதுமுன் அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடுங்கள்.

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி