காட்டு இஞ்சி வெறும் களையா?

"இஞ்சி தின்ற குரங்கு மாதிரி விழிக்காதே" என்று பிள்ளைகளைக் கேலி செய்கிறோம். அந்த இஞ்சிக்குக் காட்டில் ஒரு சொந்தம் இருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

அதன் பெயர் காட்டு இஞ்சி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சாரலில் வளர்கிறது. மலேசியக் காடுகளிலும் உண்டு.

"இது வெறும் களை" என்று சொல்லிப் பலர் அதை வெட்டி எறிகிறார்கள். அது தவறு என்கிறேன். ஏன்?

தண்டு எங்கே?

காட்டு இஞ்சி ஆள் உயரம் வளரும். நிமிர்ந்து நிற்பதுதான் தண்டு என்று நினைப்போம். அது தண்டு அல்ல! வாழையைப் போலத்தான் இதுவும். இலைகளின் அடிப்பட்டைகள் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு தண்டு போல நிற்கின்றன. உண்மையான தண்டு மண்ணுக்குள் படுத்திருக்கிறது. அதைத்தான் கிழங்கு என்கிறோம்.

பூ வருவதும் ஒரு வேடிக்கை. தரையிலிருந்து தனியாக ஒரு காம்பு கிளம்பும். அதன் உச்சியில் முட்டை வடிவத்தில் ஒரு கொண்டை இருக்கும். மீன் செதில்போல அடுக்கடுக்கான மடல்கள். முதலில் பச்சை நிறம். பிறகு நல்ல சிவப்பு. மடல்களுக்கு இடையே வெளிர் மஞ்சள் பூக்கள் எட்டிப் பார்க்கும்.

கொண்டையைப் பிழிந்தால் வாசனையுள்ள வழவழப்பான நீர் வரும். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவு மக்கள் அதைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். அவர்களுடைய முன்னோர் ஓடத்தில் குடியேற வந்தபோது இந்தக் கிழங்கையும் கொண்டுவந்து நட்டார்கள். நமக்குச் சீயக்காய், அவர்களுக்குக் காட்டு இஞ்சி!

செத்துவிட்டதா?

மழைக்காலம் போனதும் இலைகள் காய்ந்து விழும். கோடையில் போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. "வெறும் தரைதானே" என்று தீ வைக்கிறார்கள், மண்ணைப் புரட்டுகிறார்கள்.

ஆனால் செடி சாகவில்லை. கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. மழை விழுந்ததும் மறுபடி முளைக்கும்.

நமக்கு என்ன லாபம்?

"காட்டு இஞ்சி கசக்கும். குழம்புக்கு ஆகாது. அது இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

கடையில் வாங்கும் இஞ்சியை நினைத்துப் பாருங்கள். அது காட்டில் தானாக வளர்வதில்லை. மனிதன் நட்டால்தான் உண்டு. அதில் விதை பிடிப்பதும் இல்லை. கிழங்கை ஒடித்து ஒடித்தே நடுகிறோம். ஆகவே, தாய்க்கு உள்ள பலவீனம் பிள்ளைக்கும் வருகிறது. கிழங்கு அழுகல் நோய் புகுந்தால் தோட்டமே போய்விடும். கடன் வாங்கி நட்ட விவசாயி என்ன செய்வார்?

காட்டு இஞ்சியோ அந்த நோயைத் தாங்கி நிற்கிறது! கேரளத்து விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தச் சக்தி செடியின் எந்த மரபணுவில் இருக்கிறது என்றும் தேடினார்கள். அதை நம் வீட்டு இஞ்சிக்குத் தர முடிந்தால் விவசாயி பிழைப்பார். அதற்குக் காட்டு இஞ்சி உயிரோடு இருக்கவேண்டாமா?

என்ன செய்யலாம்?

காட்டு ஓரங்களில் கோடையில் தீ வைக்காதீர்கள். மலைக்குப் போனால் கிழங்கைத் தோண்டி எடுத்து வராதீர்கள். பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். உங்கள் தோப்பில் தானாக முளைத்திருந்தால், ஒரு மூலையை அதற்கு விட்டுக்கொடுங்கள்.

ரோடு போடுகிறவர்களுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "இங்கே ஒன்றும் இல்லை" என்று கோடையில் முடிவு கட்டாதீர்கள். ஒரு மழை வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள்!