கண்ணில் விட்டது கண்ணோடு நிற்பதில்லை

2023 ஜூலை, ஆகஸ்டில் மும்பைக்கு மழையோடு கண்வலியும் வந்தது. மராத்தியில் 'டோளே ஆலே' என்பார்கள் - கண் வந்துவிட்டதாம். தாராவித் தமிழர்களுக்கு அது வழக்கமான மெட்ராஸ் ஐ. சின்ன அறை, கொடியில் ஒரே துண்டு என்றிருக்கும் வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் விதிவிலக்கு கிடையாது.

செம்பூரோ மாட்டுங்காவோ, அப்போது செய்வது ஒன்றுதான்: மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்குவது. யாருக்கு என்று கடைக்காரர் கேட்பது அபூர்வம். மனைவி கர்ப்பமாக இருக்கிறாள் என்று கணவருக்கும் சொல்லத் தோன்றாது. தலைவலி மாத்திரைக்கே பத்துத் தடவை யோசிக்கும் குடும்பம், சொட்டு மருந்தை மருந்தாகவே நினைப்பதில்லை.

அழும்போது மூக்கும் ஒழுகுகிறதே, காரணம் கண்ணிலிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய். ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோலிட்டர் இருக்கும். அவ்வளவும் கண்ணில் தங்காது. வழிந்தது போக மிச்சம் மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் மாத்திரை முதலில் ஈரலைத் தாண்ட வேண்டும். இதற்கு அந்தச் சுங்கச்சாவடி இல்லை.

கண்வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். வறட்சிக்கு விடும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் சொட்டுக்குப் பொதுவாகப் பயப்பட வேண்டியதில்லை. குளோராம்பெனிகாலை நிறைமாதத்திலும் பால் கொடுக்கும்போதும் தவிர்ப்பது நல்லது. ஸ்டீராய்டு கலந்ததில் சிவப்பு சட்டென்று குறையும். வம்பே அதில்தான் - ஹெர்ப்பிஸ் கிருமியாக இருந்தால் அது உள்ளே பரவும்.

கண்வலியாவது வந்து போகிறது. கண் நீர் அழுத்த நோய், அதாவது க்ளாக்கோமா உள்ள பெண்ணின் பாடுதான் பெரும்பாடு. அவள் தினமும் விடும் டிமோலால் இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடியது. 1983-ல் வெளியான ஓர் அளவீட்டில், தாயின் ரத்தத்தில் இருந்ததைவிடச் சுமார் ஆறு மடங்கு செறிவில் அது தாய்ப்பாலில் இருந்தது. பயமுறுத்தும் கணக்குதான், ஆனால் மொத்த அளவு மிகச் சொற்பம். ஆரோக்கியமான, நிறைமாதக் குழந்தை தாங்கிக்கொள்ளும். குறைமாதக் குழந்தை, இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ள குழந்தை என்றால் மருத்துவர் யோசிப்பார். பிரிமோனிடின் இன்னும் கவலைக்குரியது. கைக்குழந்தையின் மூச்சையே அது மந்தமாக்கிவிடலாம் என்பதால் பிரசவத்துக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுத் தானாகவே எல்லாச் சொட்டையும் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. அது விபரீதம். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்புவதில்லை. கர்ப்பத்தில் பலருக்குக் கண் அழுத்தம் இயல்பாகவே சற்றுக் குறையும். மருந்தைக் குறைக்க அது ஒரு வாய்ப்பு. ஆனால் கண் அழுத்தத்தை அளந்து பார்த்து அதை முடிவு செய்ய வேண்டியவர் கண் மருத்துவர்.

தாராவியை ஒட்டிய சயான் மருத்துவமனையில் 1989-ல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இத்தகைய வங்கிகளின் பால் பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கே போகிறது. தானம் தரும் தாயிடம் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார்கள். 'சாப்பிடுகிறீர்கள்' என்றால் யாருக்குச் சொட்டு மருந்து ஞாபகம் வரும்?

காசு செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை விரலால் 2, 3 நிமிஷம் அழுத்திக்கொள்ள வேண்டும். ரத்தத்துக்குப் போகும் மருந்து கணிசமாகக் குறையும். பால் கொடுப்பவர் குழந்தைக்குக் கொடுத்து முடித்த பிறகு சொட்டு விட்டுக்கொள்வது இன்னும் நல்லது.