வேலிக்கு ஓணான் சாட்சி: விர்ச்சுவல் டிபிஎம்மை எவ்வளவு நம்பலாம்?

விண்டோஸ் 11-ஐ விர்ச்சுவல் மெஷினில் போட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த மெசேஜ் நன்றாகவே தெரியும். இந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஓடாது என்று இன்ஸ்டாலர் கையை விரித்துவிடும். உடனே ஒரு யூடியூப் வீடியோ. விஎம் செட்டிங்ஸில் டிபிஎம் 2.0 என்று இருக்கும் இடத்தில் ஒரு டிக். அவ்வளவுதான், இன்ஸ்டால் ஆகிவிடும். நாமும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

அந்த ஒரு டிக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நீங்க டிக் போட்டதும் உங்க லேப்டாப்பில் புதுசா ஒரு சிப் முளைக்கவில்லை. பின்னால் ஒரு சாஃப்ட்வேர் ப்ராசஸ் ஓட ஆரம்பித்திருக்கிறது. "நான்தான் செக்யூரிட்டி சிப்" என்று அது சொல்கிறது, விண்டோஸும் தலையாட்டுகிறது. அப்போ இது ஏமாற்று வேலையா? இல்லை. நிஜ சிப் மாதிரியே பாதுகாப்பா? அதுவும் இல்லை. என் கருத்து இதுதான்: விர்ச்சுவல் டிபிஎம் உருப்படியான கருவி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது யாரிடமிருந்து நம்மைக் காப்பாற்றும், யாரிடமிருந்து காப்பாற்றாது என்று சொல்லத் தெரியாமல் பயன்படுத்தாதீர்கள்.

சிப்பின் வேலை என்ன?

நம்மில் பலருக்கு டிபிஎம் என்பது 2 மார்க் கேள்வியாக வந்து போன விஷயம். அதனால் சுருக்கமாக ஒரு முறை பார்த்துவிடலாம். டிபிஎம்முக்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று, சாவிகளை வெளியே விடாமல் தனக்குள் வைத்திருப்பது. இரண்டு, மெஷின் பூட் ஆகும்போது என்னென்ன கோடு ஓடியது என்று கணக்கு வைப்பது.

இந்தக் கணக்கு பிசிஆர் என்ற ரெஜிஸ்டர்களில் இருக்கும். சாதாரண பிசியில் 24 பிசிஆர்கள். பழைய மதிப்பையும், அடுத்து ஓடப்போகும் கோடின் ஹேஷையும் சேர்த்து, அதற்கு மறுபடி ஒரு ஹேஷ் போட்டு அதே பிசிஆரில் வைக்கும். இப்படி மேலே மேலே சேர்க்கத்தான் முடியும். நமக்கு வேண்டிய மதிப்பை நேராக எழுத முடியாது. பூட்லோடரில் ஒரே ஒரு பைட் மாறினாலும் கடைசி மதிப்பு அடையாளமே தெரியாமல் மாறிவிடும். "இந்த பிசிஆர் இந்த மதிப்பில் இருந்தால் மட்டும் சாவியைக் கொடு" என்று டிபிஎம்மிடம் சொல்லி வைக்கலாம். இதற்குப் பெயர் சீலிங். பிட்லாக்கர் டிஸ்க் சாவியைக் காப்பது இப்படித்தான்.

இதை ஏன் சாஃப்ட்வேரில் செய்ய வேண்டும்?

ஒரு சர்வரில் இருப்பது ஒரே ஒரு சிப். அதன் மேல் ஓடுவது ஐம்பது விஎம். ஒவ்வொரு விஎம்முக்கும் தனி பிசிஆர் வேண்டும், அது ரீபூட் ஆகும்போது அதன் பிசிஆர் மட்டும் பூஜ்யத்துக்குப் போக வேண்டும், சாவிகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே சிப்பை ஐம்பது பேருக்குப் பங்கு போட்டால் இது நடக்காது. அதனால் ஆளுக்கொரு டிபிஎம்மை சாஃப்ட்வேரில் செய்து கொடுக்கிறார்கள்.

யோசனை புதிதல்ல. ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் 2006-லேயே யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டில் இதைப் பற்றி ஒரு பேப்பர் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஹைப்பர்-வி இதை விண்டோஸ் சர்வர் 2016-லும், விஎம்வேர் 2018-ல் வந்த விஸ்பியர் 6.7-லும், விர்ச்சுவல்பாக்ஸ் 2022-ல் வந்த 7.0-லும் கொண்டுவந்தன. லினக்ஸில் கியூஇஎம்யு, கேவிஎம் பயன்படுத்துபவர்களுக்கு எஸ்டபிள்யூடிபிஎம் என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ரோகிராம் இருக்கிறது. கெஸ்ட் ஓஎஸ்ஸைப் பொறுத்தவரை பிடிச்சு வச்சா பிள்ளையார்தான். டிபிஎம் பேசும் மொழியைச் சரியாகப் பேசினால் போதும், எதிரில் இருப்பது சிலிக்கானா சாஃப்ட்வேரா என்று அது கேட்பதில்லை.

இதில் உண்மையான லாபம் உண்டு. கெஸ்ட்டுக்குள் புகுந்த மால்வேர், விஎம் ஓடும்போது சாவியைப் பயன்படுத்தப் பார்க்கலாமே தவிர, சாவியையே காப்பி எடுத்துக்கொண்டு போக முடியாது, ஏனென்றால் சாவி கெஸ்ட்டின் மெமரிக்கு வெளியே இருக்கிறது. பூட்லோடரை யாராவது மாற்றினால் பிசிஆர் காட்டிக்கொடுத்துவிடும். விஎம்மின் டிஸ்க் ஃபைல் மட்டும் திருடு போனால், பிட்லாக்கர் போட்டிருக்கும் பட்சத்தில் திருடியவருக்கு அது வெறும் குப்பை. "சாஃப்ட்வேர் டிபிஎம்னா டூப்ளிகேட்டு மச்சி" என்று ஒதுக்கித் தள்ளுபவர்கள் இந்த மூன்றையும் கவனிப்பதில்லை.

வார்டன் கையில் மாஸ்டர் கீ

இப்போது மறுபக்கம். விஎம் என்பது ஹாஸ்டல் ரூம் மாதிரி. உள்ளே நீங்கள் பீரோவைப் பூட்டலாம், கதவைப் பூட்டலாம், பக்கத்து ரூம்காரன் வர முடியாது. ஆனால் வார்டனிடம் மாஸ்டர் கீ இருக்கிறது. விஎம்முக்கு வார்டன், ஹோஸ்ட் மெஷினின் அட்மின்.

எஸ்டபிள்யூடிபிஎம் தன் சாவிகள், அந்தச் சாவிகள் பிறக்கும் விதைகள், கவுண்டர்கள் எல்லாவற்றையும் ஹோஸ்ட்டில் ஒரு சாதாரண ஃபைலில் எழுதி வைக்கிறது. லிப்விர்ட் பயன்படுத்தினால் விஎம்மின் யுயுஐடி பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பார்க்கலாம். நாமாகச் சொன்னால்தான் அந்த ஃபைல் என்கிரிப்ட் ஆகும். சொல்லாவிட்டால் ஹோஸ்ட்டில் ரூட் அனுமதி உள்ள யார் வேண்டுமானாலும் அதைக் காப்பி எடுக்கலாம். என்கிரிப்ட் செய்தாலும், விஎம் ஓடும்போது எல்லாம் ஹோஸ்ட்டின் மெமரியில்தானே இருக்கிறது? நிஜ சிப்பில் இதே வேலைக்கு மதர்போர்டைக் கழற்ற வேண்டும், கருவிகள் வேண்டும், கையில் திறமை வேண்டும். இங்கே ஒரு காப்பி கமாண்ட் போதும்.

அடுத்தது சாட்சி சொல்லும் பிரச்சினை. நிஜ டிபிஎம்முக்குள் எண்டோர்ஸ்மென்ட் கீ என்று ஒன்று உண்டு. "இது நாங்கள் செய்த சிப்தான்" என்று தயாரிப்பு நிறுவனம் அதற்குச் சான்றிதழ் கொடுக்கும். தொலைவில் இருக்கும் ஒரு சர்வர் உங்கள் மெஷினின் பிசிஆர் கணக்கை நம்புவது அந்தச் சான்றிதழை வைத்துத்தான். எஸ்டபிள்யூடிபிஎம்மிலும் சான்றிதழ் உண்டு. ஆனால் அதில் கையெழுத்துப் போடுவது, வழக்கமான செட்டிங்கில், அதே ஹோஸ்ட்டில் உருவாக்கிய ஒரு லோக்கல் சிஏ. அதாவது, ஹோஸ்ட் நல்லவன் என்பதற்கு ஹோஸ்ட்டே சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி என்று ஊரில் சொல்வார்களே, அதுதான் இது. நீங்கள் ஓணானை நம்பினால் சாட்சியையும் நம்பலாம். ஓணானைத் தெரியாதவர்கள் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

சிப்பும் சாமி இல்லை

"அப்போ நிஜ சிப்தான் ஒரே வழி" என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். 2017-ல் இன்ஃபினியான் சிப்கள் உருவாக்கிய ஆர்எஸ்ஏ சாவிகள் பலவீனமானவை என்று தெரியவந்தது. அந்தப் பிழைக்கு ரோக்கா என்று பெயர். 2019-ல் டிபிஎம்-ஃபெயில் என்ற ஆராய்ச்சி, இன்டெல்லின் ஃபர்ம்வேர் டிபிஎம்மும் எஸ்டிமைக்ரோவின் சிப்பும் கையெழுத்துப் போட எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தே சாவியைக் கண்டுபிடித்துக் காட்டியது. 2024-ல் ஒருவர் ராஸ்பெர்ரி பை பிக்கோவை வைத்து, ஒரு பழைய லேப்டாப்பில் சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவே போகும் பிட்லாக்கர் சாவியை ஒரு நிமிஷத்துக்குள் பிடித்துவிட்டார்.

2023-ல் வெளியான இரண்டு பிழைகள் இன்னும் சுவாரஸ்யம். டிபிஎம் 2.0-க்காக டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் வெளியிட்ட மாதிரி கோடிலேயே ஓட்டை இருந்தது. அதில் ஒன்று, பஃபரின் எல்லையைத் தாண்டி 2 பைட் எழுத விட்டது. எஸ்டபிள்யூடிபிஎம் நம்பியிருக்கும் லிப்டிபிஎம்எஸ் லைப்ரரியும் இதில் மாட்டியது. இங்கே கவனியுங்கள்: விர்ச்சுவல் டிபிஎம் ஓடுவது ஹோஸ்ட்டில், அதற்குக் கட்டளை அனுப்புவது கெஸ்ட். ஆக இந்த மாதிரி ஓட்டை, கெஸ்ட்டில் இருப்பவன் ஹோஸ்ட்டைத் தொட ஒரு வழியாகிவிடும். பாதுகாப்புக்காக வைத்த பொருளே ஒரு புதுக் கதவு. அதனால்தான் அந்த ப்ராசஸை ரூட்டாக ஓட்டாமல் தனி யூசராக, குறைந்த அனுமதியோடு ஓட்ட வேண்டும், அப்டேட்டைத் தள்ளிப் போடக் கூடாது.

எங்கே சறுக்கும்?

ப்ராஜெக்ட்டிலும் வேலையிலும் நம்மைக் கடிக்கப் போவது இந்தப் பெரிய தாக்குதல்கள் அல்ல. தினமும் சர்வசாதாரணமாகச் செய்யும் மூன்று விஷயங்கள்தான்.

முதலாவது, பேக்கப். டிஸ்க் ஃபைலையும் டிபிஎம் ஃபைலையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் என்கிரிப்ட் செய்யாமல் போட்டு வைப்பது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை. அதற்காக டிபிஎம் ஃபைலைப் பேக்கப் எடுக்காமலே விட்டால், வேறு லேப்டாப்புக்கு விஎம்மை மாற்றும் நாளில் பிட்லாக்கர் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு நிற்கும். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ப்ராஜெக்ட்டுக்குக் கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். இரண்டையும் தனித்தனி இடத்தில் வையுங்கள், ரிக்கவரி கீயை மூன்றாவதாக இன்னொரு இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது, குளோன். ரெடி பண்ணிய ஒரு விஎம்மை டிபிஎம்மோடு சேர்த்து முப்பது காப்பி போட்டால், முப்பது மெஷினுக்கும் ஒரே அடையாளம், ஒரே சாவி. ஒன்று போனால் முப்பதும் போனது. குளோன் செய்யும்போது டிபிஎம்மைப் புதிதாக உருவாக்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஸ்னாப்ஷாட். தப்பான பின் பல முறை போட்டால் டிபிஎம் தன்னைப் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் அமைக்கும் டிபிஎம் 2.0-ல் 32 தவறுக்குப் பிறகு பூட்டு விழும். ஆனால் டிபிஎம் ஃபைலைப் பழைய நிலைக்குக் கொண்டுபோனால், தவறுகளின் எண்ணிக்கையும் பழைய நிலைக்குப் போய்விடும். 6 இலக்கப் பின்னுக்கு 10 லட்சம் வாய்ப்புகள்தான். கணக்கு எப்போதும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கும் என்றால், பொறுமையுள்ள ஒரு ஸ்கிரிப்ட் போதும்.

நமக்கு என்ன?

முதலில் லேப். நிஜ லேப்டாப்பில் டிபிஎம்மை க்ளியர் செய்து விளையாடினால் அம்மா அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் நம் டிஸ்க்கே நமக்குத் திறக்காமல் போகலாம். எஸ்டபிள்யூடிபிஎம்மில் அந்தப் பயம் இல்லை. கெட்டுப்போனால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று. நெட்வொர்க் செக்யூரிட்டி லேபில் இதற்கு இரண்டு பீரியட் ஒதுக்கினால் போதும், செலவு ஒரு பைசா இல்லை. முதல் பீரியடில் ஒரு ரகசியத்தை பிசிஆரோடு சீல் செய்யுங்கள், அந்த பிசிஆரில் இன்னொரு ஹேஷைச் சேர்த்துவிட்டு ரகசியத்தைத் திரும்பக் கேளுங்கள். டிபிஎம் மறுத்துவிடும். இரண்டாவது பீரியடில் டிஸ்க்கையும் டிபிஎம் ஃபைலையும் அப்படியே பக்கத்து மெஷினுக்குக் காப்பி செய்து பூட் செய்யுங்கள். ரகசியம் எந்தத் தடையும் இல்லாமல் வெளியே வரும். இந்த இரண்டையும் பார்த்த மாணவருக்கு டிபிஎம்மைப் பற்றி யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட். விஎம்முக்குள் டெமோ செய்துவிட்டு, "எங்கள் சிஸ்டத்தில் சாவிகள் ஹார்டுவேர் பாதுகாப்பில் உள்ளன" என்று எழுதாதீர்கள். அது உண்மை இல்லை, வைவாவில் ஒரு நல்ல எக்ஸாமினர் ஒரே கேள்வியில் பிடித்துவிடுவார். "சாவிகள் விர்ச்சுவல் டிபிஎம்மில் உள்ளன, ஹோஸ்ட் அட்மினை நம்புகிறோம், டிபிஎம் ஃபைல் என்கிரிப்ட் செய்யப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். மூன்றே வாக்கியம், மூன்றும் உண்மை.

நாளைக்கு வேலைக்குப் போனாலும் இதே கதைதான். கூகுள் கிளவுடின் ஷீல்டட் விஎம், அமேசானின் நைட்ரோடிபிஎம், அஸ்யூரின் டிரஸ்டட் லாஞ்ச் எல்லாமே விர்ச்சுவல் டிபிஎம்தான். அங்கே மாஸ்டர் கீ கிளவுட் கம்பெனியிடம் இருக்கிறது. பல நிறுவனங்களுக்கு அது பரவாயில்லை. பரவாயில்லை என்று நினைக்காதவர்களுக்காக, ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி போன்ற தொழில்நுட்பத்தில் கெஸ்ட்டின் மெமரியையே ஹோஸ்ட் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து, டிபிஎம்மையும் அந்தப் பாதுகாப்புக்குள்ளேயே ஓட்டும் முயற்சிகள் நடக்கின்றன. அப்போதும் கடைசியில் ஏஎம்டியை நம்பித்தான் ஆக வேண்டும். நம்பிக்கையை ஓர் இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்ற முடியும், இல்லாமலே ஆக்க முடியாது.

அதனால் அடுத்த முறை அந்த டிக்கைப் போடும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த விஎம்முக்கு வார்டன் யார்? உங்க லேப்டாப்பில் நீங்களேதான் வார்டன் என்றால் கவலையில்லாமல் போடுங்க. வேறு யாரோ என்றால், அவர் யார் என்று தெரிந்துகொண்டு போடுங்க.