சிப்பாயைக் கொன்றது நோயா, சர்க்காரா?

1914 முதல் 1918 வரை நடந்த ஏகாதிபத்திய யுத்தத்துக்கு நம் நாட்டிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. "வீர மரணம்" என்கின்றன கல்வெட்டுகள். எல்லோரும் குண்டடி பட்டா மாண்டார்கள்?

மெசபடோமியாவைப் பாருங்கள். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போன வாலிபர்கள் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் ஸ்கர்வியிலும் விழுந்தார்கள். ஸ்கர்வி என்பது காய்கனி கிடைக்காதவனைப் பிடிக்கும் நோய். ஈறு வீங்கும், ரத்தம் கசியும், கால் ஓயும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். மருந்து என்ன? எலுமிச்சம்பழம்! சிறுமலை எலுமிச்சையைக் கண்ட திண்டுக்கல் மக்கள் சிரிப்பார்கள். பிரிட்டிஷ் சர்க்காருக்குத் தெரியாதா? தன் கடற்படைக்கு 1795-லேயே எலுமிச்சைச் சாறு கொடுத்த சர்க்கார் அது!

"கூட் முற்றுகையில் சிப்பாய்கள் குதிரை மாமிசம் தின்ன மறுத்தார்கள், பழி அவர்களுடையது" என்று வாதித்தவர்கள் உண்டு. கூட் வீழ்ந்தது 1916 ஏப்ரல் 29-ல். அதற்குப் பிறகும், அதே ஆண்டின் பிற்பாதியில், ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வி பிடித்ததே! அப்போது முற்றுகை ஏது? கொடுத்த ரேஷனில் காய்கனி இல்லை. அதுதான் விஷயம்.

உள்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? யுத்தம் முடியும் தறுவாய் வரை, இந்தியச் சிப்பாய் ரெஜிமெண்ட் ஆஸ்பத்திரியில் படுத்தால் சாப்பாடும் படுக்கையும் அவனே பார்த்துக்கொள்ள வேண்டும்!

1915-ல் காயம்பட்டவர்கள் மலமும் சீழுமாகப் படகுகளில் பஸ்ரா வந்து சேர்ந்ததைக் கண்டு குமுறினார் மேஜர் கார்ட்டர் என்ற டாக்டர். மேலதிகாரிகள் அவரைக் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். 1917-ல் விசாரணைக் கமிஷன் இதை அம்பலப்படுத்தியது. இந்தியா மந்திரி சேம்பர்லேன் ராஜினாமா செய்தார். அதே 1917-ல் யுத்தச் செலவுக்கென்று இந்தியாவின் தலையில் கட்டிய "நன்கொடை" 10 கோடி பவுன்! பணம் இல்லாமலா எலுமிச்சை வாங்கவில்லை? சென்னை ராஜதானித் தோல் பூட்ஸுக்கென்று கணக்குப் பார்த்துக் கப்பலேறியது. தோலுக்கு இருந்த மதிப்பு சிப்பாயின் உயிருக்கு இல்லை.

செத்த பிறகும் நீதி இல்லை. பஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளை அதிகாரிக்குப் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை! நூறாண்டு கழித்து 2021-ல் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது.

மன்னிப்பு போதாது. நம் ஜில்லாக்களிலிருந்து போய் மடிந்த ஒவ்வொருவர் பெயரும், நோயில் மாண்டவர் என்றால் அந்த நோயின் பெயரும், தமிழில் எழுதப்பட வேண்டும். "வீர மரணம்" என்ற பூமாலைக்குள் கொலைக் குற்றத்தை ஒளிக்க நாம் விடமாட்டோம்!