கடைசியாக வாங்கப்படும் பொருள்

வீட்டுக் கொட்டகையில் சிறு விமானம் கட்டுபவர் இறக்கைக்கு ஓராண்டு, உடற்கூட்டுக்கு ஓராண்டு என்று உழைக்கிறார். எஞ்சினைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்கிறார். புரொப்பெல்லர் மட்டும் எல்லாம் முடிந்த பிறகு, கையில் எஞ்சியிருக்கும் பணத்துக்கு ஏற்ப, விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கப்படுகிறது. இந்த வரிசையே பிழையானது. எஞ்சின் தண்டில் கிடைக்கும் குதிரைத்திறன் முழுவதும் விமானத்தை இழுப்பதில்லை. அதில் புரொப்பெல்லர் உந்துவிசையாக மாற்றித் தரும் பங்கு மட்டுமே இழுக்கிறது.

ரைட் சகோதரர்கள் இதை முதலிலேயே உணர்ந்திருந்தார்கள். கப்பல் துறையில் புரொப்பெல்லர் பற்றிய ஆயத்தக் கோட்பாடு கிடைக்கும் என்று நம்பித் தேடியவர்களுக்கு வெறுங்கைதான் மிஞ்சியது. பிறகுதான் புரொப்பெல்லர் என்பது சுழலும் இறக்கையே என்ற முடிவுக்கு வந்து, தாங்களே கணக்கிட்டார்கள். 1903ஆம் ஆண்டு விமானத்தில் சுமார் எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு மரப் புரொப்பெல்லர்கள், சங்கிலி வழியே, எஞ்சினைவிட மெதுவாகச் சுழன்றன. பெற்ற திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கை அவை பயனாக்கின. வெறும் 12 குதிரைத்திறன் எஞ்சின் போதுமானதாக இருந்ததற்கு அது முக்கியக் காரணம்.

பெரிதாகவும் மெதுவாகவும் சுழல்வதே ஏன் நல்லது? ஒரே உந்துவிசையைப் பெற, குறைந்த காற்றை மிக வேகமாகத் தள்ளலாம். அல்லது நிறையக் காற்றைச் சற்றே வேகப்படுத்தலாம். இரண்டாவது வழியில்தான் ஆற்றல் வீணாவது குறைவு. ஆனால் விட்டத்தைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. தரையிலிருந்து இடைவெளி வேண்டும். இதழின் நுனி ஒலிவேகத்தை நெருங்கக் கூடாது. கியர்பெட்டி இல்லாமல் 3400 சுற்றில் ஓடும் மாற்றியமைக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் எஞ்சினில் 1.4 மீட்டர் புரொப்பெல்லரின் நுனிவேகம் நொடிக்குச் சுமார் 249 மீட்டர். அதே எஞ்சினில் 1.9 மீட்டர் புரொப்பெல்லரைப் பொருத்தினால் 338 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒலிவேகமே. இரைச்சல் பெருகும், உந்துவிசை சரியும். 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினோ 5800 சுற்றை 2.43 மடங்கு குறைத்துத் தருவதால், 1.7 மீட்டர் விட்டத்திலும் நுனிவேகம் 212 மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் கணத்திலேயே புரொப்பெல்லரின் விட்டம் பாதி முடிவாகிவிடுகிறது. அதைக் கடைசியில் யோசிப்பதற்கு அர்த்தமில்லை.

உண்மையான தகராறு பிட்ச் பற்றியது. திருகாணி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் போன்றது அது. 1.1 மீட்டர் பிட்ச், நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், நழுவலே இல்லாத நிலையில் மணிக்கு 198 கிலோமீட்டர். நிலையான பிட்ச் உள்ள புரொப்பெல்லர், மலைப்பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒரே கியரில் கடக்க வேண்டிய லாரியைப் போன்றது. கட்டுபவர்களில் பலர் நெடுஞ்சாலையையே தேர்கிறார்கள். நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட வேகத்தின் எண்தான் உதவுகிறது. ஆனால் அதிக பிட்ச் உள்ள புரொப்பெல்லர் ஓடுபாதையில் இரட்டை இழப்பைத் தருகிறது. விமானம் இன்னும் நகராத நிலையில் இதழ்களின் தாக்குகோணம் மிகுந்து, அவற்றின் ஒரு பகுதி ஸ்டால் ஆகிறது. கூடவே, சுமை தாங்காத எஞ்சின் உரிய சுழற்சியை எட்டாமல், விலை கொடுத்து வாங்கிய குதிரைத்திறனையே தர மறுக்கிறது.

வகுப்பறைகளும் இந்த மயக்கத்துக்கு ஓரளவு பொறுப்பு. தேர்வுக் கணக்குகள் பெரும்பாலும் உச்சப் பயனுறுதிறனையே கேட்கின்றன. உந்துவிசையை வேகத்தால் பெருக்கித் திறனால் வகுப்பதே பயனுறுதிறன். எனவே விமானம் நிற்கும்போது அதன் மதிப்பு சுழியம், உந்துவிசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. உச்சப் பயனுறுதிறனை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பவர், விமானத்துக்கு உதவி அதிகம் தேவைப்படாத ஒரு புள்ளிக்காகத் தேர்ந்தெடுக்கிறார்.

இந்தியச் சூழலில் இது ஏட்டுச் சிக்கல் அல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கும் பெங்களூரில், 35 டிகிரி வெயிலில், காற்றின் அடர்த்தி பாடப்புத்தகத்தின் 1.225இலிருந்து சுமார் 1.03 ஆகக் குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் உந்துவிசையும் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைகின்றன. தரையை விட்டெழத் தேவையான உண்மை வேகமோ சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. குளிர்நாட்டு விமானக்காரர் ஒருவரின் பரிந்துரையை அப்படியே நகலெடுப்பவருக்கு ஓடுபாதையின் மறுமுனையில் நிற்கும் மரங்கள்தான் இதைச் சொல்லித்தரும். ஆகவே ஏற்றத்துக்குச் சாதகமான பிட்சே இங்கே முதல் தேர்வாக இருக்க வேண்டும். மணிக்குப் பத்து கிலோமீட்டரை இழந்தாலும் பரவாயில்லை. அளவுக்கு மீறிக் குறைத்தால், கிடைமட்டப் பறத்தலிலேயே எஞ்சின் சிவப்புக் கோட்டைத் தாண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். விமானத்தைக் கட்டி நிறுத்தி, முழுத் திறனில் சுழற்சியை அளந்து பார்ப்பது இரண்டு பிழைகளையும் பறப்பதற்கு முன்பே ஓரளவு காட்டிவிடும். தரையில் இதழ்க் கோணத்தைத் திருத்தக்கூடிய புரொப்பெல்லர் முதல் விமானத்துக்கு ஏற்றது என்பதற்கும் இதுவே காரணம்.

மூன்று இதழ்கள் அழகுதான். தரையிடைவெளி குறைவாக இருந்தாலோ அதிர்வைக் குறைக்க வேண்டியிருந்தாலோ தவிர, அழகு ஒரு வாதமாகாது. இடம் இருந்தால் பெரிய விட்டமுள்ள ஈரிதழே பொதுவாக மேல்.

மரம் பழமையானது என்று ஒதுக்குபவர்களும் உண்டு. அது எடை குறைந்தது. கிராங்க் தண்டின் முறுக்கதிர்வை நன்கு தணிப்பது. ஆனால் பருவமழையில் ஊதும், கோடையில் சுருங்கும். மரப் புரொப்பெல்லரை இழுத்துச் செல்வது போல்ட்டுகள் அல்ல, அவை தரும் அழுத்தத்தால் உண்டாகும் உராய்வு. மரம் சுருங்கிப் பிடி தளர்ந்தால், தொடும் முகம் உரசிக் கருகத் தொடங்கும். பருவந்தோறும் போல்ட் முறுக்கத்தைச் சரிபார்க்கும் பொறுமை இல்லாதவர் மரத்தை வாங்காமலிருப்பதே நல்லது.

மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு 2017இல் பதிவு கிடைத்தபோது, பொதுவெளியில் பேசப்பட்டதெல்லாம் அனுமதியும் தாமதமும்தான். அந்தப் பேச்சு தேவையானதே. ஆனால் சொந்தமாக விமானம் கட்ட முனைவோருக்குக் கணக்கிட்டுச் சொல்லும் துணை எங்கே கிடைக்கும் என்ற கேள்வியை எந்த விமானப் பொறியியல் துறையும் தன்னிடம் கேட்கப்பட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய காற்றுச் சுரங்கம் தேவையில்லை. ரோட்டாக்ஸ் 912இன் கியர்பெட்டி தாங்கும் நிலைமத் திருப்புத்திறனின் மேல் எல்லை 6000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர். கையிலுள்ள புரொப்பெல்லர் அதற்குள் அடங்குகிறதா என்று அறிய அதை இரண்டு கயிறுகளில் கிடைமட்டமாகத் தொங்கவிட்டு, மெல்லத் திருகி விட்டு, அலைவு நேரத்தை அளந்தால் போதும். எடை, கயிற்றின் நீளம், கயிறுகளுக்கிடையேயான தூரம், ஒரு நிறுத்துகடிகாரம்: இளநிலை ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் வேலை.