செக்ரோலும் மென்பொருள் ரோபோவும்

மலையகத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று எல்லோரும் அறிந்த பெயர். மற்றையது ஒரு நாட்சம்பளம். காலையில் பிரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்தெடுத்து, குறித்த நிறையைக் கொடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். இவற்றை நாள்தோறும் பதிந்து வைக்கும் ஏட்டைத்தான் செக்ரோல் என்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டு லயத்து அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த ஏட்டைப் பொறுத்தே இருந்து வந்திருக்கிறது. அந்த ஏடு இப்போது கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே கணினிக்குள் புதிதாக வந்திருக்கும் ஒரு வேலையாளைப் பற்றி மலையக இளைஞர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த வேலையாள் மென்பொருள் ரோபோ. சுருக்கமாகப் 'பொட்' என்கிறார்கள். இரும்பு மனிதன் எவனையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. எழுதுவினைஞர் ஒருவர் எக்செல் தாளில் ஓர் எண்ணைப் பார்த்து, அதை இன்னொரு படிவத்தில் தட்டச்சிட்டு, பொத்தானை அழுத்தி, அடுத்த வரிக்குப் போகிறாரல்லவா, அதை அப்படியே செய்யும் மென்பொருள் அது. இத்துறையில் பெயர்பெற்ற யூஐபாத் நிறுவனம் 2005இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஒரு சிறு குழுவாகத் தொடங்கியது. இன்று அதன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மைக்ரோசொப்ட் நிறுவனமோ 2021 மார்ச்சில் தனது 'பவர் ஒட்டோமேட் டெஸ்க்டொப்' செயலியை விண்டோஸ் 10 பாவிப்போருக்கு மேலதிகக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. பக்கம் பக்கமாக நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. 'கோப்பைத் திற', 'வரியை வாசி', 'இப்படியாயின் இதைச் செய்' என்ற கட்டளைக் கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக இழுத்து வைத்தால் போதும்.

கலைப் பட்டதாரியான நான், அச்சுக்கோப்பவர்களின் காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன். நானே சில மாலைப் பொழுதுகளில் உட்கார்ந்து ஒரு சிறு பொட்டை உருவாக்க முடிந்தது. பயிற்சிக்கு நான் எடுத்துக்கொண்டது கற்பனையான ஒரு செக்ரோல்தான். முப்பது பேர், முப்பது நாட்கள், கிலோக் கணக்கு. அந்தக் கட்டங்களுக்குள் 'நிறை 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர்' என்று ஒரு நிபந்தனையை வைத்தபோது, தோட்டத்தின் மொத்த அரசியலும் அந்த ஒரு வரிக்குள் இருப்பது தெரிந்தது.

2021இல் சம்பள நிர்ணய சபையின் மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவானது. தலைப்புச் செய்தியாக வந்தவை இந்தத் தொகைகள்தான். ஆனால் 1000 ரூபா வந்த கையோடு பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டதையும், அந்த அளவை எட்டாதவர்களுக்கு அரைப்பேர் விழுந்ததையும் தொழிலாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நிறுக்கும் இடத்தில் கணக்குப்பிள்ளையுடன் வாதாடலாம்: மழை பெய்தது, கவ்வாத்து வெட்டிய மலை, கொழுந்து வரவில்லை என்று சொல்லலாம். அவர் இரங்கினாலும் இரங்குவார். (இரங்காமல், சாக்கின் நிறை, தண்ணீரின் நிறை என்று இரண்டு கிலோவைக் கழித்தவர்களும் உண்டு, பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை.) பொட்டுக்குக் காது கிடையாது. எழுதியதைச் செய்யும். ஆனால் அதனிடம் ஒரு நன்மை இருக்கிறது. எழுதியதை மறைக்காது. கணக்குப்பிள்ளையின் மனதுக்குள் இருந்த விதி இங்கே திரையில், யாரும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தவன் ஒருவன் தொழிலாளர் பக்கத்திலும் இருந்தால்.

மலையகப் பிள்ளைகள் இதைக் கற்க வேண்டும் என்று நான் சொல்வது கொழும்பில் வேலை கிடைக்கும் என்பதற்காக மட்டுமல்ல. கிடைத்தால் நல்லதுதான். விஞ்ஞான ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் இல்லாத காரணத்தால் உயர்தரத்தில் கலைப்பிரிவுக்குத் தள்ளப்பட்டவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்களுக்கும் திறந்திருக்கும் கதவு இது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை ஏறக்கூடிய முதற்படியாக நீண்டகாலம் இருந்தது தோட்டக் காரியாலயத்துக் கிளாக்கர் உத்தியோகம். பொட் முதலில் தின்னப்போவது அந்தப் படியைத்தான். மாத முடிவில் செக்ரோலிலிருந்து சம்பளப் பட்டியல் தயாரித்து, தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, சேமலாப நிதி என்று கழிக்கும் வேலை அத்தனையும் அது செய்யக்கூடியதே. அதை உருவாக்கவும் திருத்தவும் தெரிந்தவருக்கு மட்டுமே காரியாலயத்தில் ஒரு நாற்காலி மிஞ்சும்.

பொட் தடுமாறும் இடமும் ஒன்றுண்டு. அது, நான் முதலில் சொன்ன மற்றப் பொருளிலான பேர். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கும், தொழில் தருபவர் 12 பங்கும் செலுத்த வேண்டும். ஓய்வுபெறும் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைக்கும் பெருந்தொகை அதுதான். ஆனால் அவருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், செக்ரோலில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். தமிழ்ப் பெயரைத் தமிழ் தெரியாதவர் ஆங்கில எழுத்தில் காதுக்குப் பட்டபடி எழுதியதன் விளைவு. ராமாயி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே முயன்று பாருங்கள். ஒரு மனிதர் பார்த்தால் மூன்றும் ஒருவரே என்று புரிந்துகொள்வார். பொட் ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடும். மேசைக்கு மேசை அலைய வைக்கப்பட்ட அந்த அம்மா, இனி அலைய மேசையே இல்லாமல் நிற்பார்.

இதே பொட்டை மறுபக்கமாகத் திருப்பவும் முடியும். தோட்டத்துச் செக்ரோல் பெயர்களையும் அடையாள அட்டைப் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தாதவற்றை மட்டும் பட்டியலிடச் சொல்லலாம். வேலைக்காலம் முடிவதற்குப் பத்து வருடங்கள் முன்னதாகவே அந்தப் பட்டியல் கையில் இருந்தால், சத்தியக் கடதாசி முடித்துத் திருத்துவதற்கு அவகாசம் கிடைக்கும். இதற்குத் தோட்ட நிர்வாகமோ தொழிற்சங்கமோ தாளைக் கொடுக்கச் சம்மதிக்க வேண்டும். அதைவிட, பாடத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி வகுப்பு நடத்துவோர் தட்டச்சும் புகைப்பட அலங்காரமும் கற்பிப்பதோடு நிறுத்தாமல், இந்த ஒரு பயிற்சியை மாணவர்களுக்குக் கொடுக்கலாம். அவரவர் லயத்திலிருந்து, சம்மதம் பெற்று, பத்துப் பேரின் ஆவணங்களைக் கொண்டுவரச் சொன்னால் போதும். முதலாவது ஆவணம் பெரும்பாலும் அவர்களுடைய அம்மாவினுடையதாகவே இருக்கும்.